வெள்ளிக்கிழமை ஏழு பேராகப் போனோம்

வேனில் ஏறியவர்கள் இவர்கள். பயிற்சி கொடுக்க வந்த தமயந்தி மேடம், முன் சீட்டில். இங்கிலீஷுக்குப் புதிதாகச் சேர்ந்த ஷீலா மேடம். கம்ப்யூட்டருக்கு நஸ்ரின் மேடம். காமர்ஸுக்கு லோகேஸ்வரி மேடம். கணக்குக்கு கோபிநாத் சார், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பிசிக்ஸுக்கு ஸ்டீபன் சார். ஓட்டியவன் நான், ஏகாம்பரம்.

எங்கள் கல்லூரி திருவள்ளூரை ஒட்டி இருக்கிறது. பதினாலு வருஷமாக அங்கே பஸ் ஓட்டுகிறேன். படிப்பு எட்டாவது வரை. எழுதிப் பழக்கமில்லை. ஆனால் இந்த ஐந்து நாள் பயணத்தை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. நன்றி என்று வாயால் சொல்ல எனக்கு வராது.

புதிய வாத்தியார்களுக்குப் பயிற்சி. பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது, மனசு விட்டுப் போன பிள்ளையை எப்படித் தேற்றுவது, படிக்க எப்படி ஊக்கம் கொடுப்பது என்று. கல்லூரியிலேயே வைத்திருக்கலாம். தமயந்தி மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. பாதிப் பிள்ளைகளின் அப்பா அம்மா கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள், அந்த இடத்தைப் பார்க்காமல் என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டாராம். ஒரு கம்பெனி தன் தொழிலாளர் கூடத்தை இலவசமாகக் கொடுத்தது. தங்க இரண்டு பெரிய அறையும் கொடுத்தது.

டிரைவர் யார் போகிறீர்கள் என்று கேட்டபோது நானே கை தூக்கினேன். காரணம் இருந்தது. என் மகள் யாமினி கும்மிடிப்பூண்டியில் இருந்தாள்.

அவள் எங்கள் கல்லூரியிலேயே பி.காம் இரண்டாம் வருஷம். ஒரு நாள் காலையில் பஸ்ஸுக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கேட்டேன். “போகல நைனா” என்றாள். எங்கள் வீட்டில் ஒரு தடவைதான் கேட்பது. என் அப்பாவும் அப்படித்தான். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. அந்த வாரமே அவள் தாய்மாமன் முனிரத்தினம் வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் சூப்பர்வைசர். பேக்கிங்கில் சேர்த்துவிட்டான். ஆறு வாரம் ஆகிவிட்டது. அடுத்த திங்கள்கிழமைக்குள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று கல்லூரி ஆபீஸில் சொல்லியிருந்தார்கள்.

வேனில் இருந்த யாருக்கும் இது தெரியாது. நான் சொல்லவில்லை.

முதல் நாள், செவ்வாய். போய் இறங்கியதும் கோபிநாத் சார் மூக்கைப் பொத்திக்கொண்டார். இரும்பு உருகும் வாசனை. சாலை முழுக்க லாரி. எங்கள் ஊரில் அமாவாசைக்குத்தான் அவ்வளவு ஜனத்தைப் பார்க்கலாம். தை அமாவாசைக்குப் பெருமாள் கோயில் குளத்தைச் சுற்றி நிற்கும் கூட்டம், இங்கே ஷிஃப்ட் மாறும்போது தினம் மூன்று வேளை நிற்கிறது. அங்கே கையில் குளத்தில் கரைக்கும் வெல்லமும் பூவும். இங்கே டிபன் டப்பாவும் அடையாள அட்டையும்.

டீக்கடையில் நாஷ்டா. பூரி தட்டு அளவு இருந்தது. பக்கத்து பெஞ்சில் இரண்டு லாரிக்காரர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெலுங்கு புரியும். “இந்த ஊர்ல மழை பெஞ்சா தண்ணிகூட துருப் பிடிச்சு வருது” என்றார் ஒருவர். “உன் லாரியில ஏற்கெனவே துரு, கழுவிக்க” என்றார் மற்றவர். இன்னொரு மூலையில் ஒரு வட இந்தியத் தொழிலாளி ஃபோனில் இந்தி பேசினார். ஸ்டீபன் சாருக்கு இந்தி தெரியும். மெல்ல எங்களுக்குச் சொன்னார். “சாப்பிட்டேம்மா. சோறுதான். ஆமா, இன்னைக்கும் சோறுதான். நாளைக்கும் சோறுதான்.” நஸ்ரின் மேடம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு அந்த ஆளையே பார்த்தார்.

கல்லாவில் இருந்தவர், “எந்த கம்பெனிக்கு ஆள் வந்துக்கீறீங்க?” என்று கேட்டார்.

“கம்பெனி இல்ல. எல்லாரும் காலேஜ் வாத்தியாருங்க. பயிற்சிக்கு வந்துக்கீறாங்க” என்றேன்.

“வாத்தியாருக்கே பயிற்சியா? யாரு குடுக்கறது?”

தமயந்தி மேடத்தைக் காட்டினேன்.

“அப்ப அந்தம்மாக்கு மட்டும் டீ டப்பு வாணாம்” என்றார். டப்பு என்றால் காசு.

இரண்டாம் நாள், புதன். கூடத்தில் நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஃபேன் இருந்ததால். தமயந்தி மேடம் என்னைக் கூப்பிட்டார். ஒரு பிள்ளையின் அப்பாவாக நடிக்க ஆள் வேண்டுமாம். பெண் பல நாளாகக் கல்லூரிக்கு வரவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு வாத்தியார் பேசுகிறார். கோபிநாத் சார்தான் வாத்தியார். நான் அப்பா.

எனக்கு நடிப்பு வராது என்றேன். “நடிக்க வேணாம், சும்மா உக்காருங்க” என்றார் மேடம்.

கோபிநாத் சார் ஆரம்பித்தார். நன்றாகப் பேசினார். படிப்பின் அருமை, வேலை வாய்ப்பு, பெண்கள் முன்னேற்றம். ஒரு பாட்டுகூடச் சொன்னார். நான் “சரிங்க சார்” என்றேன். இன்னும் பேசினார். “சரிங்க சார்.” அவருக்கு வேர்த்துவிட்டது. முடித்ததும் எல்லோரும் இரண்டு தட்டு தட்டினார்கள். அது தமயந்தி மேடம் வைத்த வழக்கம். யார் எதை முயன்றாலும் சட்டென்று இரண்டு கைத்தட்டல்.

மேடம் கேட்டார். “கோபி, பன்னிரண்டு நிமிஷம் பேசினீங்க. அவர் ஒன்பது தடவை சரிங்க சார்னாரு. அவர் மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுதா?”

“தெரியலையே மேடம். ஒத்துக்கிட்டாருன்னுல்லா நினைச்சேன்.”

“அவர் பொண்ணு பேரு கேட்டீங்களா?”

கோபிநாத் சார் என்னைப் பார்த்தார். “உங்க பொண்ணு பேரு என்னண்ணே?”

“யாமினி.”

“ஏன் வரலைன்னு அவகிட்ட கேட்டீங்களா?”

“ஒரு தடவ கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

“போகலன்னா.”

“பிறகு?”

“பிறகு இல்ல.”

“டிரைவர் அண்ணா சூப்பரா நடிக்கிறாரு” என்றார் லோகேஸ்வரி மேடம். இரண்டு தட்டு தட்டினார்கள். நான் வெளியே போய் முகம் கழுவினேன்.

மதியம் ஆந்திரா மெஸ். இலை போட்டதும் பருப்புப் பொடியும் நெய்யும். கோங்குரா என்ற புளிச்சக்கீரைத் துவையலை ஷீலா மேடம் கீரைக் கூட்டு என்று நினைத்து மொத்தமாக வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர். பரிமாறினவர் ஓடி வந்து கெட்டித் தயிர் ஊற்றினார். “மொதல்ல கொஞ்சம் தொட்டுப் பாக்கணும்மா. புள்ளைங்களுக்கும் அப்டித்தான சொல்லிக் குடுப்பீங்க” என்றார். நாங்கள் யார் என்று அதற்குள் ஊரே தெரிந்துகொண்டிருந்தது. தயிருக்குக் காசு வாங்கவில்லை.

மூன்றாம் நாள், வியாழன். மேடம் ஒரு தாள் கொடுத்தார். கல்லூரிக்கு வராமல் இந்தப் பக்கம் இருக்கும் ஐந்து பிள்ளைகளின் பெயர், விலாசம். வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். அதுதான் கடைசிப் பயிற்சி. கூடத்தில் நஸ்ரின் மேடம் வாசித்தார். மூன்றாவது பெயர் யாமினி, பி.காம். விலாசம், முனிரத்தினம் வீடு. ஆபீஸிலிருந்து கேட்டபோது என் மனைவி செல்வி கொடுத்திருக்கிறாள். நஸ்ரின் மேடம் அந்தப் பெயரில் நின்றார். தாளுக்கு மேலே என்னைப் பார்த்தார். பிறகு நாலாவது பெயருக்குப் போனார்.

அன்று மதியம் ஷிஃப்ட் மாறுவதைப் பார்க்கப் போனோம். வழியில் பின் டயர் போய்விட்டது. இரும்புச் சீவல், கத்தி மாதிரி ஏறியிருந்தது. அந்தத் தொழிற்பேட்டையில் சாலையில் குப்பையே அதுதான். ஸ்டெப்னியைக் கழற்றினேன். அதில் காற்று இல்லை. புறப்படும்முன் பார்த்திருக்க வேண்டும். என் தப்பு.

வெயில். எல்லோரும் ஒரு ஷெட்டின் நிழலில் நின்றார்கள். ஷெட்டுக்குள்ளிருந்து ஒடிசாக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் நீளமான காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். ஸ்டெப்னியில் காற்று ஏற்றினார். டயர் மாற்றவும் கூட நின்றார். பணம் கொடுத்தேன். வாங்கவில்லை. அவர் சொன்னதை ஸ்டீபன் சார் எனக்குச் சொன்னார். “காத்து கம்பெனியோடது. எங்க வீட்டுக் காத்து இல்ல.” அவர் பெயர் கேட்க மறந்துவிட்டேன். இங்கே எழுதுகிறேன். நல்லா இருக்கட்டும்.

போல்ட் முடுக்கும்போது நஸ்ரின் மேடம் பக்கத்தில் வந்து நின்றார்.

“அண்ணா, நேத்து சொன்ன பேரு.”

“ஆமாம்மா.”

“அது நடிப்பு இல்லையா?”

“இல்லம்மா.”

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது பெரிதாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் ஏன் எதற்கு என்று ஆரம்பித்திருப்பார்கள். “தமயந்தி மேடம்கிட்ட சொல்லலாமா?” என்றார். சொல்லுங்கள் என்றேன்.

தமயந்தி மேடம் வந்தார். முதலில் போக வேண்டிய வீடு இதுதான் என்றார். எல்லோரும் சேர்ந்தே போகலாம், இரண்டு பேர் பேசட்டும், மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். மீதி நாலு வீட்டுக்குச் சனிக்கிழமை பிரிந்து போகலாம். “உங்களுக்குச் சம்மதமா?” என்று என்னைக் கேட்டார். ஆபீஸில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சம்மதம் என்றேன்.

வாத்தியார்களுக்கு மேடம் சொன்னது: “வீட்டுக்குப் போறோம். மரியாதையா உடுத்திக்கோங்க. வெறுங்கையோட போகாதீங்க. அவங்க கேக்கறதுக்கு மனசு திறந்து பதில் சொல்லுங்க. நாமளே பேசிக்கிட்டு இருக்கக் கூடாது.”

சாயங்காலம் முனிரத்தினத்துக்கு ஃபோன் போட்டேன்.

“நாளைக்கு நாலு மணிக்கு வர்றோம். ஏழு பேரு. யாமினி ஊட்ல இருக்கட்டும்.”

“இன்னா மாமா, இன்னா விஷயம்?”

“வந்து பேசிக்கலாம்.”

வைத்துவிட்டேன். ஃபோனில் நான் அவ்வளவுதான் பேசுவேன்.

நாலாம் நாள், வெள்ளிக்கிழமை. ஷீலா மேடம் ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கினார். லோகேஸ்வரி மேடம் மல்லிகைப் பூ நாலு முழம். வெள்ளிக்கிழமை என்று மேடங்கள் எல்லோரும் பட்டுப் புடவை. கோபிநாத் சார் கட்டம் போட்ட புதுச் சட்டையை டக் பண்ணி, தலையைப் படிய வாரியிருந்தார். அவர்தான் முதலில் பேச வேண்டும். அதனால் அவரை எல்லோரும் நடுவில் விட்டுக்கொண்டு நடந்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

முனிரத்தினம் வீடு தெருக் கோடியில். வாசலில் புதுக் கோலம். பக்கத்து வீடுகளிலிருந்து வாங்கிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே பஜ்ஜி எண்ணெய் வாசனை. முனிரத்தினம் வெள்ளை வேட்டியில் நின்றான். எல்லோருக்கும் கும்பிடு போட்டான். எனக்குப் போடவில்லை. அவர்கள் உள்ளே போனதும் என் கையைப் பிடித்து வேனுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

“இன்னா மாமா இது? தாய்மாமன் ஒர்த்தன் உசுரோட கீறேன்.”

“இன்னா இப்ப?”

“பையன் எந்த ஊரு, இன்னா வேல, ஒண்ணும் சொல்லல. ஏழு பேரு வர்றோம்னு சொல்லிக்கினே ஃபோன வெச்சிட்ட. எங்கக்காகூட எங்கிட்ட மறச்சிட்சி.”

“எந்தப் பையன்?”

“கட்டம் போட்ட சட்டை. எனக்குத் தெரியாதா? இன்னா சம்பளம்?”

“தெரியாது.”

“சம்பளம் தெரியாமத்தான் இட்டுக்கினு வந்தியா?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெள்ளிக்கிழமை. ஒற்றைப் படையில் ஏழு பேர். பழம், பூ, பட்டுப் புடவை, நடுவில் கல்யாணம் ஆகாத ஒரு பையன். கூடப் பெண்ணின் அப்பா. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். நான் வாய் திறப்பதற்குள் அவன் உள்ளே போய்விட்டான். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களைத் தனியாக விடக் கூடாதாம்.

உள்ளே அவன் மனைவி அமுலு கோபிநாத் சாரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“திருநெல்வேலிப் பக்கம்க்கா.”

“அவ்ளோ தூரமா? கூடப் பொறந்தவங்க?”

“ரெண்டு அக்கா. ரெண்டு பேரையும் கட்டிக் குடுத்தாச்சு.”

“அப்ப பொறுப்பு ஒண்ணும் இல்ல. சொந்த ஊடா?”

“ஓட்டு வீடுதான். மாடி எடுக்கணும்னு அப்பா சொல்லிக்கிட்டு இருக்காங்க.”

மனசு திறந்து பதில் சொல்லச் சொன்னார்கள், சொல்லிக்கொண்டிருந்தார். நன்றாகப் போகிறது என்ற பெருமையில் தமயந்தி மேடத்தை ஒரு பார்வை பார்த்தார். மேடம் நோட்டில் எழுதிக்கொண்டார். ஸ்டீபன் சார் மூன்றாவது பஜ்ஜியில் இருந்தார். முனிரத்தினம் என் காதருகில் குனிந்தான். “அந்த முக்காடு போட்ட அம்மா பையனுக்கு இன்னா முறை?” என்றான்.

“முனிரத்தினம், இது அது இல்ல” என்றேன்.

“எது எது இல்ல?”

அதற்குள் யாமினி வந்துவிட்டாள். அத்தையின் பச்சைப் புடவை. கையில் தட்டு, ஏழு டம்ளர் காப்பி. ஆறு வாரத்தில் இளைத்திருந்தாள். இந்த வாத்தியார்கள் யாரையும் அவளுக்குத் தெரியாது. அவள் நின்றபிறகு சேர்ந்தவர்கள். தட்டை ஸ்டூலில் வைத்தாள். யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. என்னை மட்டும் பார்த்தாள்.

“நைனா, எனக்குக் கல்யாணம் வாணாம். நான் காலேஜுக்கே போறேன்.”

ஐந்து வாத்தியார்களும் இரண்டு தட்டு தட்டினார்கள். பழக்கம் அப்படி.

“இன்னாத்துக்குக் கை தட்றீங்க?” என்றான் முனிரத்தினம். “பொண்ணு வாணாம்னுது. நீங்க கை தட்றீங்க?”

தமயந்தி மேடம் நோட்டை மூடினார். யார் என்ன என்று அவரே சொன்னார். காலேஜ், பயிற்சி, வராத பிள்ளைகள், தாள். கோபிநாத் சார் கேட்டுக்கொண்டே வந்தார். சட்டைக் காலரிலிருந்து முகம் முழுக்கச் சிவந்தது. வாயில் இருந்த பஜ்ஜியை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அமுலு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அங்கிருந்து சிரிக்கும் சத்தம் வந்தது. முனிரத்தினம் படியில் உட்கார்ந்துவிட்டான்.

“ஏன் மாமா, காலேஜ்லருந்து வராங்கன்னு நாலு வார்த்த சொன்னா வாய் தேஞ்சா பூடும்? எண்ணெய் ஒரு லிட்டர் காலி.”

யாமினி சிரிக்கவில்லை. “அப்ப போகல” என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். ஒரு நிமிஷம் கையில் வந்தது போய்விட்டது. திங்கள்கிழமைக்கு இடையில் இரண்டே நாள்.

ஷீலா மேடம் எழுந்தார். தமயந்தி மேடம் வேண்டாம் என்று கை காட்டினார். “ஏழு பேரா வந்தது என் தப்பு. ஒருத்தர் போதும். நஸ்ரின், நீங்க போங்க.”

நஸ்ரின் மேடம் போனார். நான் அடுப்படி வரை போய் நின்றேன். பின்கதவு திறந்திருந்தது. துணி துவைக்கும் கல்லில் யாமினி உட்கார்ந்திருந்தாள். மேடம் பட்டுப் புடவையோடு தரையில் உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. எனக்குத் தெரிந்து ஒரு டீ குடிக்கும் நேரம் பேசவில்லை. பேசக் கற்றுக்கொள்ள வந்தவர் அவர். பேசாமல் இருப்பதும் அதில் சேர்த்தி என்று அன்று தெரிந்துகொண்டேன்.

யாமினிதான் முதலில் கேட்டாள்.

“நீங்க எந்த பஸ்ல மேடம் வர்றீங்க?”

“உங்க அப்பா பஸ்லதான்.”

“அதே பஸ்லதான் அந்த சாரும் வராரு.”

“எந்த சார்?”

சொன்னாள். வகுப்பில் செமினார். இங்கிலீஷில் பேச வேண்டும். வீட்டில் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகியிருக்கிறாள். மேடையில் ஏறியதும் வாய் வரவில்லை. நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். அந்த சார் சொல்லியிருக்கிறார். “டிரைவர் பொண்ணுக்கு ஹார்ன் வேலை செய்யலயா? உங்கப்பன வந்து தள்ளி விடச் சொல்லவா?” வகுப்பே சிரித்திருக்கிறது. இறங்கி வந்து உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் அதே பஸ்ஸில் அந்த சார் ஏறியிருக்கிறார். “எங்க நைனா எழுந்து வணக்கம் சார்னு சொன்னாரு மேடம். தினம் சொல்ற மாதிரியேதான் சொன்னாரு. எனக்குத்தான் பாக்க முடியல.”

அந்த சார் பெயரை எழுதவில்லை. அவசியம் இல்லை. பதினாலு வருஷத்தில் எத்தனை வணக்கம் சொல்லியிருப்பேன். எந்த வணக்கம் என் பெண்ணின் தலையில் விழுந்தது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரியாதது தப்பில்லை. இரண்டாம் முறை கேட்காததுதான் தப்பு.

நஸ்ரின் மேடம் புத்தி சொல்லவில்லை. அவர் அப்படி இல்லை, இவர் இப்படி இல்லை என்று சமாதானமும் சொல்லவில்லை. “இப்ப உனக்கு என்ன வேணும் யாமினி?” என்று மட்டும் கேட்டார்.

“தெரில மேடம்.”

நான் வெளியே போனேன். என்னைப் பார்த்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“போறியா?” என்றேன். இரண்டாம் முறை.

அவள் புடவை நுனியைச் சுருட்டினாள். பிறகு கேட்டாள்.

“அந்த பஸ்ஸ நீதான ஓட்டுவ?”

“நான்தான் ஓட்டணும். வேல.”

“அந்த சார் ஏறுவாரு.”

“ஏறுவாரு.”

“வணக்கம் சொல்வியா?”

யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது.

“கதவத் தொறப்பேன். வணக்கம் சொல்ல மாட்டேன்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நஸ்ரின் மேடம் வேறு பக்கம் பார்த்தார்.

“சரி நைனா” என்றாள்.

உள்ளே வந்து சொன்னோம். இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. முனிரத்தினம் தலையைச் சொறிந்தான். “ஞாயித்துக்கெழம பேக்கிங்ல ஆள் இல்ல. பேஜாரு” என்றான். அமுலு ஒரு பார்வை பார்த்தாள். “சரி, போவட்டும். நானே உக்காந்து பேக் பண்றேன்” என்றான். பிறகு கோபிநாத் சாரைப் பார்த்து, “தப்பா நெனச்சிக்காத சார். ஆனா நல்ல புள்ளையாத்தான் கீற” என்றான்.

“பஜ்ஜி நல்லா இருந்ததுண்ணே” என்றார் கோபிநாத் சார்.

ஆறிப் போன காப்பியை அமுலு மறுபடி சுட வைத்தாள். எல்லோரும் குடித்தோம். பூவை யாமினிக்கு லோகேஸ்வரி மேடமே வைத்துவிட்டார்.

ஐந்தாம் நாள், சனி. மீதி நாலு வீடு. இரண்டு பேர், மூன்று பேராகப் போனார்கள். பட்டுப் புடவை இல்லை, பூ இல்லை. போகும்முன் ஃபோன் செய்து, யார், எதற்கு வருகிறோம் என்று முழுசாகச் சொன்னார்கள். ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு பையன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவனுக்கு வீட்டில் அம்மா படுக்கையில். கோபிநாத் சார் அவனிடம் கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். கடைசியில் அவனே கேட்டானாம், தபாலில் படிக்க முடியுமா என்று. விசாரித்துச் சொல்வதாக எழுதிக்கொண்டு வந்தார். மற்ற இரண்டு பேர் வருகிறேன் என்றார்கள்.

மத்தியானம் அதே ஆந்திரா மெஸ். யாமினியும் உட்கார்ந்தாள். பரிமாறினவர் ஷீலா மேடத்தின் இலையில் கோங்குராவைக் கடுகு அளவு வைத்துவிட்டு நின்றார். “தொட்டுப் பாரும்மா.” மேடம் தொட்டுப் பார்த்தார். “இன்னும் போடுங்க” என்றார்.

திரும்பும்போது பொன்னேரி தாண்டி இரண்டு பக்கமும் பச்சை வயல் வந்தது. வேனில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். யாமினி மட்டும் விழித்திருந்தாள். கண்ணாடியில் தெரிந்தாள். நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. ஆனால் முன்பு பேசாமல் இருந்தது வேறு. இது வேறு.

தமயந்தி மேடம் இறங்கும்போது என்னிடம், “உங்ககிட்டதான் எங்க ஆளுங்க நிறைய கத்துக்கிட்டாங்க” என்றார். அது மரியாதைக்குச் சொன்னது. கற்றுக்கொண்டவன் நான். அவருக்கும், நஸ்ரின் மேடத்துக்கும், அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு இன்றுவரை அதைக் கேலியாக்காத கோபிநாத் சாருக்கும், தயிர் ஊற்றினவருக்கும், காற்று கொடுத்தவருக்கும், ஒரு லிட்டர் எண்ணெய் செலவழித்த அமுலுவுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

தமயந்தி மேடம் போகும்முன் பிரின்சிபாலுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். யார் பெயரும் அதில் இல்லை என்று நஸ்ரின் மேடம் சொன்னார். வகுப்பில் பிள்ளையின் அப்பா அம்மா செய்யும் வேலையைச் சொல்லி யாரும் பேசக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த சாரும் போட்டார்.

அவர் தினமும் ஏறுகிறார். நான் கதவைத் திறக்கிறேன். ஒரு வாரம் கழித்துக் கேட்டார். “என்ன ஏகாம்பரம், உடம்பு சரியில்லையா?”

“நல்லாக்கீறேன் சார்” என்றேன். கியர் போட்டேன்.

அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. அடுத்த நாள் அவர் எனக்கு வணக்கம் சொன்னார். தலையை ஆட்டினேன். யாமினி அதைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மதியம் சாப்பாட்டு வேளையில் ஷீலா மேடம் அவளை ஒரு காலி வகுப்பில் நிற்க வைத்து இங்கிலீஷ் பேச வைக்கிறாராம். கேட்பதற்கு நஸ்ரின் மேடமும் கோபிநாத் சாரும் மட்டும். திக்குகிறாளாம். நிற்கிறாளாம். மறுபடி பேசுகிறாளாம். இதை அவளே வீட்டில் சொன்னாள். நான் கேட்டேன், சொன்னாள். பிறகு இன்னொன்று கேட்டேன். அதையும் சொன்னாள்.

திங்கள்கிழமை ஆபீஸில் வருகைக் கணக்குப் போட்டுச் சொன்னது இதுதான். அபராதம் கட்டினாலும் போதாது. மீதி இருக்கும் இருபத்திரண்டு நாளும் ஒரு நாள் விடாமல் வந்தால்தான் பரீட்சை எழுதலாம். காய்ச்சல் என்றாலும் கழிவு கிடையாது. நடுவில் ஒரு நாள் மழையில் சாலை மூழ்கி பஸ் போகவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து ரயில் பிடித்தேன்.

இன்றோடு பத்தொன்பது நாள் விடாமல் வந்திருக்கிறாள்.